பால் கரைசலா, கூழ்மமா? ஒரு விடைத்தாள் கேள்விக்கு விரிவான பதில்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகன் அறிவியல் தேர்வில் ‘பால் ஒருபடித்தான கலவை, எனவே கரைசல்’ என்று எழுதினான். ஆசிரியர் அதை அடித்துவிட்டு ‘கூழ்மம்’ என்று எழுதியிருக்கிறார். (ஒருபடித்தான கலவை என்றால் எங்கும் ஒரே மாதிரி இருப்பது, பலபடித்தான கலவை அப்படி இல்லாதது. கூழ்மம் என்பது மூலக்கூறைவிடப் பெரிய, ஆனால் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் படியாமல் பரவி நிற்கும் பலபடித்தான கலவை.) டம்ளரில் மேலிருந்து அடிவரை ஒரே வெள்ளையாக இருக்கிற பாலை எப்படிப் பலபடித்தான கலவை என்று சொல்வது, பாக்கெட்டில் ‘ஹோமோஜெனைஸ்டு’ என்றும் ‘தூய்மையான பால்’ என்றும் வேறு போட்டிருக்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். பால் எந்த வகை என்பதோடு இதில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகிற ஒரு பொருளை ஒன்று இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறோம்? இரண்டாவதற்குப் பதில் தெரிந்துவிட்டால் முதலாவது தானாகவே விளங்கிவிடும். வேதியியல் படித்துவிட்டு 26 வருடம் பால் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சந்தேகமே இல்லாத விஷயத்தில் தொடங்கலாம். வேதியியலின் கணக்கில் பால் தூய பொருள் கிடையாது, அது கலவை. 100 கிராம் பசும்பாலை எடுத்தால் ஏறக்குறைய 87 கிராம் வெறும் தண்ணீர். மீதியில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை 5 கிராமுக்குச் சற்றுக் குறைவாகவும், கொழுப்பு 4 கிராமை ஒட்டியும், புரதம் 3 கிராமுக்குச் சற்று மேலும், தாது உப்புகள் முக்கால் கிராமுக்குள்ளும் இருக்கும். மாட்டின் இனம், தீவனம், கன்று ஈன்று எத்தனை மாதம் ஆயிற்று என்பதைப் பொறுத்து இந்த அளவுகள் மாறும். எருமைப் பாலில் கொழுப்பு 6, 7 கிராம் என்று போகும். இப்படி விகிதம் மாறக்கூடியதாக இருப்பதே கலவையின் அடையாளம். தண்ணீர் என்ற சேர்மத்தில் அப்படி மாறாது. கங்கையில் எடுத்தாலும் காவிரியில் எடுத்தாலும் ஓர் ஆக்சிஜன் அணுவுக்கு இரண்டு ஹைட்ரஜன் அணுதான். பாக்கெட்டில் உள்ள ‘தூய்மை’ வேறு விஷயம். கலப்படம் இல்லை, கிருமி இல்லை என்பதுதான் அதற்குப் பொருள். வேதியியலில் தூய பொருள் என்றால் ஒரே வகைத் துகள் மட்டும் உள்ள பொருள். கறந்த சூடு ஆறாத, ஒரு சொட்டுத் தண்ணீரும் சேராத பாலும் அந்தக் கணக்கில் தூய பொருள் ஆகாது.

அடுத்தது கரைசலா இல்லையா என்பது. இங்கே உங்கள் மகன் முழுக்கத் தவறிவிட்டான் என்று நான் சொல்ல மாட்டேன். பாலுக்குள் ஒரு கரைசல் நிஜமாகவே இருக்கிறது. லாக்டோஸும் உப்புகளில் ஒரு பகுதியும் தண்ணீரில் மூலக்கூறு மூலக்கூறாக, அயனி அயனியாகப் பிரிந்து கரைந்திருக்கின்றன. சர்க்கரைத் தண்ணீர் எப்படியோ அப்படித்தான். ஆனால் அந்தக் கரைசலுக்குள் இன்னும் இரண்டு வகைத் துகள்கள் மிதக்கின்றன. ஒன்று கேசீன் என்ற புரதம். ஆயிரக்கணக்கான புரத மூலக்கூறுகள் கால்சியம் பாஸ்பேட்டோடு சேர்ந்து சிறு உருண்டைகளாகத் திரண்டிருக்கும். மற்றொன்று கொழுப்புத் துளிகள், ஒவ்வொன்றும் ஒரு மெல்லிய சவ்வுக்குள். அளவைப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். லாக்டோஸ் மூலக்கூறு சுமார் 1 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. கேசீன் உருண்டை சராசரியாக 150 நானோமீட்டர். கொழுப்புத் துளி பல அளவுகளில் இருக்கும், நடுத்தரமானது 4,000 நானோமீட்டர் வரும். லாக்டோஸைக் கடுகு என்று வைத்துக்கொண்டால் கேசீன் பெரிய பூசணிக்காய், கொழுப்புத் துளி இரண்டு மாடி வீடு. கடுகும் பூசணியும் வீடும் ஒரே தண்ணீரில் மிதப்பதை ‘எங்கும் ஒரே மாதிரி’ என்று சொல்ல முடியாது அல்லவா? நமக்கு அப்படித் தெரிவதற்குக் காரணம், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே உள்ளதை வெறும் கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாது என்பதுதான். கொழுப்புத் துளிகளில் பெரியதுகூட அந்த எல்லைக்கு வெகு கீழே நிற்கிறது.

இதைச் சும்மா நம்ப வேண்டாம், வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு கண்ணாடி டம்ளரில் சர்க்கரையை நன்றாகக் கரைத்த தண்ணீர், இன்னொன்றில் நாலைந்து சொட்டுப் பால் விட்ட தண்ணீர். அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சை இரண்டுக்கும் பக்கவாட்டில் பிடியுங்கள். சர்க்கரைத் தண்ணீருக்குள் வெளிச்சம் போகும் பாதை தெரியாது. பால் விட்ட தண்ணீரில் ஒளி ஒரு கோடு மாதிரித் தெளிவாகத் தெரியும். பாடப்புத்தகம் டிண்டால் விளைவு என்று சொல்வது இதைத்தான். சர்க்கரை மூலக்கூறு மிகச் சிறியது, ஒரு டம்ளருக்குள் அது சிதறடிக்கும் ஒளி கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைவு. கேசீன் உருண்டையும் கொழுப்புத் துளியும் ஒளியைத் தட்டிச் சிதறடிக்கும் அளவில் இருக்கின்றன. இன்னும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பக்கத்திலிருந்து பார்த்தால் தண்ணீர் இலேசான நீலம். டார்ச்சுக்கு நேர் எதிரே நின்று டம்ளர் வழியாக வெளிச்சத்தைப் பார்த்தால் மஞ்சள், பால் சற்றுக் கூடினால் ஆரஞ்சு. சிறு துகள்கள் நீல ஒளியை அதிகமாகச் சிதறடிப்பதால் வருவது இது. வானம் நீலமாகவும் அந்திச் சூரியன் சிவப்பாகவும் தெரிவதற்கும் இதே சிதறல்தான் காரணம், அங்கே சிதறடிப்பவை காற்றின் மூலக்கூறுகள். கொழுப்பை எடுத்துவிட்ட பால் ஒரு நீலச் சாயலோடு இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பெரிய துளிகள் போய்ச் சிறிய கேசீன் மட்டும் மிஞ்சுவதால் வரும் நிறம் அது. பால் வெள்ளையாக இருப்பதும் வெள்ளைப் பொருள் எதுவும் கரைந்திருப்பதால் இல்லை. எல்லா நிற ஒளியும் பலமுறை சிதறித் திரும்பி வருவதுதான் அந்த வெள்ளை.

கொழுப்பு, கேசீன், கரைசல் என்ற இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரித்தும் காட்டலாம். ஹோமோஜெனைஸ் செய்யாத, காய்ச்சாத பாலைக் குளிர்சாதனப் பெட்டியில் ஓர் இரவு அசையாமல் வைத்தால் மேலே கொழுப்பு தடிமனாகத் திரளும். கொழுப்பின் அடர்த்தி சுமார் 0.93, சுற்றியுள்ள பாலின் அடர்த்தி 1.03. அதனால் துளிகள் மெல்ல மேலேறுகின்றன. (காய்ச்சும்போது படியும் ஆடை இதிலிருந்து வேறு. அதில் வெந்து இறுகிய புரதமும் சேர்ந்திருக்கும்.) அந்தக் கொழுப்பை வழித்துவிட்டு மீதிப் பாலைச் சூடாக்கி எலுமிச்சைச் சாறு பிழிந்தால் திரிந்துவிடும். வெள்ளையாகத் திரண்டு நிற்பது கேசீன். துணியில் வடிகட்டினால் கீழே இறங்கும் நீர் வெள்ளையே இல்லாமல் இலேசான பச்சை கலந்த மஞ்சளாக இருக்கும். அந்த நிறம் ரைபோஃபிளேவின் என்ற வைட்டமினால் வருகிறது. லாக்டோஸும் உப்பும் கரைந்திருப்பது இந்த நீரில்தான். வாயில் வைத்துப் பார்த்தால் புளிப்புக்கு அடியில் ஒரு மெல்லிய இனிப்பு தெரியும். உங்கள் மகன் சொன்ன கரைசலுக்கு மிக அருகில் வருவது இந்த நீர். கொஞ்சம் புரதம் இதிலும் மிஞ்சும் என்பதால் முழுக் கரைசல் என்று சொல்ல மாட்டேன்.

பாக்கெட்டில் உள்ள ‘ஹோமோஜெனைஸ்டு’ என்ற சொல் ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகளைக் கட்டாயம் குழப்பும். ஒருபடித்தான கலவைக்கு அவர்கள் புத்தகத்தில் ‘ஹோமோஜீனியஸ்’ என்று இருக்கும். இரண்டுக்கும் ஒரே வேர்தான், பொருள் வேறு. பாலை ஏறக்குறைய 150 முதல் 200 மடங்கு காற்றழுத்தத்தில் மிகக் குறுகிய இடுக்கு வழியாகத் தள்ளினால் கொழுப்புத் துளிகள் உடைந்து ஒரு மைக்ரோமீட்டருக்கும் (1,000 நானோமீட்டர்) கீழே போய்விடும். பிரான்சில் ஒகுஸ்ட் கோலென் 1899-இல் இந்த இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். துளியின் விட்டம் பத்தில் ஒன்றாகக் குறைந்தால் அது மேலேறும் வேகம் நூறில் ஒன்றாகிவிடும். அதனால்தான் இந்த வகைப் பாலில் மேலே கொழுப்பு திரள்வதில்லை. துளிகள் சிறிதாயினவே தவிரக் கரையவில்லை. பால் அப்போதும் பலபடித்தான கலவைதான்.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல ஆசை. ஒரு திரவத்துக்குள் இன்னொரு திரவம் துளித்துளியாகப் பரவியிருந்தால் அதற்குத் தமிழில் பால்மம் என்று பெயர். ஆங்கிலச் சொல்லான ‘எமல்ஷன்’ லத்தீனில் பால் கறப்பதைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. இரண்டு மொழியிலும் அந்த வகைக்குப் பெயர் கொடுத்ததே பால்தான். கூழ்மம் என்ற சொல்லும் அப்படித்தான். ஸ்காட்லாந்துக்காரரான தாமஸ் கிரஹாம் 1861-இல் கிரேக்க மொழியில் பசையைக் குறிக்கும் சொல்லிலிருந்து ‘கொலாய்டு’ என்று பெயர் வைத்தார். நம்மவர்கள் கூழிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். உப்பும் சர்க்கரையும் ஒரு தோல்தாளின் வழியாகக் கடந்து போகின்றன, பசை போன்றவை போவதில்லை என்பதைப் பார்த்து அவர் பொருள்களை இரண்டு சாதியாகப் பிரித்தார். பின்னால் வந்தவர்கள் அதைத் திருத்தினார்கள். கூழ்மம் என்பது பொருளின் வகை இல்லை, பொருள் எந்த அளவுக்குப் பொடிந்து பரவியிருக்கிறது என்கிற நிலை. தங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பளபளக்கும் அந்த உலோகத்தை மைக்கேல் ஃபாரடே 1850களில் நுண்ணிய துகள்களாகத் தண்ணீரில் பரப்பினார். கிடைத்தது மாணிக்கச் சிவப்பில் ஒரு கூழ்மம்.

திட, திரவ நிலை பற்றியும் ஒன்று இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பாலைத் திரவத்தில் திரவம் என்று புத்தகம் சொல்கிறது. அது மாட்டின் உடல் சூட்டில் ஏறக்குறைய முழு உண்மை. பால் கொழுப்பு ஒரே வெப்பநிலையில் உருகும் தூய பொருள் கிடையாது. அதுவும் பலவகைக் கொழுப்புகளின் கலவை. ஒரு பகுதி பூஜ்ஜியத்துக்குக் கீழேயே உருகிவிடும், கடைசிப் பகுதி உருக 40 டிகிரி செல்சியஸ் வரை ஆகும். ஆகவே குளிர்ந்த பாலில் உள்ள துளி பாதி திடம், பாதி திரவம். மோர் கடைந்தவர்களுக்கு இது கையால் தெரியும். நம் வீடுகளில் விடியற்காலையில் கடைவதும், வெயில் காலத்தில் கடையும்போது குளிர்ந்த தண்ணீர் ஊற்றுவதும் இதற்காகத்தான். துளிக்குள் இருக்கும் திடப் படிகங்கள் சவ்வைக் குத்திக்கொண்டு வெளியே நீட்டும். கடையும்போது ஒன்றோடொன்று மோதும் துளிகளை அவைதான் கோத்துப் பிடிக்கின்றன. முழுக்க உருகியிருந்தால் வெண்ணெய் திரளாது, முழுக்க இறுகியிருந்தாலும் திரளாது. திரண்டபின் எல்லாம் தலைகீழாகிவிடும். பாலில் தண்ணீருக்குள் கொழுப்புத் துளி. வெண்ணெயில் கொழுப்புக்குள் தண்ணீர்த் துளி. வெண்ணெயில் ஏறக்குறைய 16 சதவீதம் தண்ணீர் அப்படி அடைபட்டிருக்கிறது. வாணலியில் உருக்கும்போது சடசடவென்று சத்தம் கேட்பது அந்தத் தண்ணீர் ஆவியாகித் தப்பிக்கும் சத்தம். சத்தம் அடங்கினால் நெய் பதம் நெருங்கிவிட்டது என்று அர்த்தம்.

தயிரும் இந்தப் பாடத்துக்குள் வருகிறது. கேசீன் உருண்டைகளின் மேற்பரப்பில் எதிர்மின்சுமை உண்டு. ஒரே மின்சுமை என்பதால் ஒன்றையொன்று விலக்கும், அதனால்தான் பால் படியாமல் நிற்கிறது. உறை ஊற்றினால் பாக்டீரியாக்கள் லாக்டோஸை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. அமிலத்தன்மை கூடக் கூட இறங்கும் எண்ணான பி.எச். மதிப்பு 6.6 அளவிலிருந்து 4.6 வரை இறங்கும்போது மின்சுமை நடுநிலையாகிவிடும். விலகி நின்ற உருண்டைகள் ஒட்டிச் சங்கிலியாகி, சங்கிலிகள் வலையாகி, அந்த வலைக்குள் தண்ணீர், கொழுப்பு, மிச்ச லாக்டோஸ் எல்லாம் சிக்கிக்கொள்கின்றன. கட்டித் தயிரைக் கரண்டியால் வெட்டி எடுத்தால் பள்ளம் அப்படியே நிற்கிறது, அந்த வகையில் திடம். ஆனால் எடையில் 85 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். அரைமணி கழித்துப் பார்த்தால் பள்ளத்தில் நீர் ஊறியிருக்கும். திடமா திரவமா என்று மூன்றாவது கேள்வி கேட்டால், இரண்டும் சேர்ந்த கூழ்மக் களி என்றுதான் பதில்.

இந்த வகைப்பாடு தேர்வுக்கு மட்டும் தேவைப்படுவது என்று நினைக்க வேண்டாம். என் வேலையே அதில்தான் நின்றது. பால்காரரிடம் லாக்டோமீட்டர் விட்டுப் பார்ப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். அது அளப்பது அடர்த்தியை மட்டும்தான். தண்ணீர் சேர்த்தால் அடர்த்தி இறங்கும், கொழுப்பை எடுத்தால் அடர்த்தி ஏறும். இரண்டையும் அளவாகச் செய்தால் கருவி பழைய எண்ணையே காட்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படி ஒரு கேன் பால் என்னிடம் தேறிப் போயிருக்கிறது. கொழுப்புச் சோதனை செய்தபிறகுதான் பிடிபட்டது. தண்ணீரை நிச்சயமாகப் பிடிக்க நாங்கள் நம்பியது உறைநிலையை. பசும்பால் 0 டிகிரியில் உறையாது, மைனஸ் 0.53 டிகிரியை ஒட்டித்தான் உறையும். உறைநிலையைக் கீழே இறக்குவது கரைந்திருக்கும் துகள்களின் எண்ணிக்கை, அவற்றின் அளவு இல்லை. அதனால் லாக்டோஸும் உப்புமே கணக்கில் வரும். எண்ணிக்கையில் மிகக் குறைவான கேசீனும் கொழுப்பும் கணக்கில் வருவதே இல்லை. மாட்டின் ரத்தத்தோடு பாலின் சவ்வூடு அழுத்தம் (கரைந்த துகள்களின் எண்ணிக்கையைப் பொறுத்துச் சவ்வின் வழியே தண்ணீரை இழுக்கும் அழுத்தம்) சமநிலையில் இருக்க வேண்டியிருப்பதால் தீவனம் மாறினாலும் கொழுப்பு மாறினாலும் இந்த எண் அதிகம் அசையாது. பத்தில் ஒரு பங்கு தண்ணீர் சேர்ந்தால் அது மைனஸ் 0.48-ஐ நோக்கி ஏறிவிடும். சர்க்கரையோ உப்போ சேர்த்து இதையும் ஏமாற்றலாம் என்பதால் அவற்றுக்குத் தனிச் சோதனைகள் வைத்திருந்தோம். தனியாக ஒரு சோதனையை மட்டும் நம்பி எந்தப் பாலையும் நான் நிராகரித்ததில்லை.

இனி உறுதி குறைவான இடங்கள். கூழ்மத் துகளின் அளவு 1 நானோமீட்டரில் தொடங்குகிறது என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். எங்கே முடிகிறது என்பதில் சில 100 என்றும் சில 1,000 என்றும் சொல்கின்றன. 100 என்று வைத்தால் கேசீனில் பெரும்பகுதி கூழ்ம எல்லையைத் தாண்டிவிடும். 1,000 என்று வைத்தாலும் கொழுப்புத் துளி தாண்டிவிடும். அப்படியானால் பால் தொங்கலா, அதாவது பெரிய துகள்கள் கலந்து, அசையாமல் வைத்தால் படிந்துவிடும் கலவையா? மணல் கலந்த தண்ணீர் போல அது படிவதில்லை, வடிதாளில் துகள் தங்குவதுமில்லை. அளவும் நடத்தையும் முரண்படும்போது நான் நடத்தையின் பக்கம் நிற்பேன். எல்லைக் கோடு நாம் வசதிக்காகப் போட்டது, இயற்கையில் அங்கே வேலி எதுவும் இல்லை. கேசீன் உருண்டைக்குள் புரதங்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்பதிலும் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து கிடையாது, ஒன்றுக்கு மேற்பட்ட மாதிரிகள் புழக்கத்தில் இருக்கின்றன. எந்தப் பால் உடலுக்கு நல்லது என்று பலர் என்னிடம் கேட்பார்கள். அது மருத்துவர்களும் ஊட்டச்சத்து படித்தவர்களும் சொல்ல வேண்டியது, நான் அதற்குள் போகவில்லை.

சரி, தேர்வில் என்ன எழுதுவது? ‘பால் ஒரு பலபடித்தான கலவை. அது ஒரு கூழ்மம், கூழ்மத்தில் பால்மம் என்ற வகை. பிரிகை நிலைமை கொழுப்பு, பிரிகை ஊடகம் தண்ணீர்’ என்று எழுதச் சொல்லுங்கள். பரவியிருப்பது பிரிகை நிலைமை, அது பரவியிருக்கும் இடம் பிரிகை ஊடகம். டிண்டால் விளைவைக் காட்டும் என்று ஒரு வரி சேர்த்தால் முழு மதிப்பெண் கிடைக்கும். ஆசிரியர் திருத்தியது சரிதான், அதை எதிர்த்துப் போக வேண்டாம். ஆனால் கண்ணால் பார்த்ததை வைத்துப் பதில் எழுதிய பையனிடம் வெறுமனே தப்பு என்று சொல்லிவிட்டு விடாதீர்கள். பள்ளி ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கி இருக்கும், ஆசிரியரிடமே கேட்கலாம். ஒரு சொட்டுப் பாலைப் பத்துச் சொட்டுத் தண்ணீரில் கலந்து, அதில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, மேலே மூடுதகடு போட்டு, 400 மடங்கு பெருக்கத்தில் பார்க்கச் சொல்லுங்கள். வட்ட வட்டமாகக் கொழுப்புத் துளிகள் தெரியும். அவற்றில் மிகச் சிறியவற்றின் மேல் ஒரு நிமிடம் கண்ணை வைத்திருந்தால், தள்ளுபவர் யாரும் இல்லாமலே அவை நின்ற இடத்தில் நடுங்கிக்கொண்டிருப்பது தெரியும். கண்ணுக்குத் தெரியாத தண்ணீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் இடித்துக்கொண்டே இருப்பதால் வரும் நடுக்கம் அது. ஹோமோஜெனைஸ் செய்யாத பாலாக எடுத்துப் போகச் சொல்லுங்கள், துளிகள் பெரிதாக இருக்கும், பார்ப்பது எளிது.